பாதி புரிகிற பாஷையில் நாடகம் பார்ப்பது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வீடு, கோயம்புத்தூரில் வேலை என்று சொல்லும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சென்னைக்குப் போகாமல் நம் பக்கத்திலேயே நல்ல நாடகம் பார்க்க முடியுமா? வீட்டில் தமிழ்தான், மலையாளம் பாதிதான் புரியும். பாட்டு நாடகமெல்லாம் இன்னும் இருக்கிறதா? நீங்கள் பார்த்ததில் எது மனதில் நின்றது?"

தம்பி, அந்தப் 'பாதிதான் புரியும்' என்பதை ஒரு குறை மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். அதே மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். என் மலையாளமும் சந்தையில் கற்றதுதான். ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் அந்தப் பாதிக்காதுதான் எனக்கு ஆதாயம். எப்படி என்பதைப் பார்த்த நாடகங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பொறாட்டு நாடகம். பாலக்காட்டு வயல்களில் அறுவடை முடிந்து மண் வெடித்துக் கிடக்கும் கோடையில் நடக்கும். பாணர் சமூகத்தார் வழிவழியாக ஆடிவருவது. ஒரு பந்தல், ஒரு திரை, ஆர்மோனியம், மத்தளம், இலைத்தாளம். குறவன் குறத்தி, வண்ணான் வண்ணாத்தி, தாசி என்று ஒவ்வொரு வேஷமாக வரும். வருகிற ஆளை ஓரத்தில் நிற்கிற கேள்விக்காரர் மறித்து நிறுத்துவார். மலையாளத்தில் சோத்தியக்காரன். யார் நீ, எந்த ஊர், என்ன வேலை, இவள் உனக்கு யார். வேஷக்காரர் அதற்குப் பேச்சிலும் பாட்டிலும் பதில் சொல்ல வேண்டும். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இந்த விசாரணைதான் நாடகம்.

போன கோடையில் பார்த்ததில் குறத்தி வேஷம் போட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். அன்று சாயங்காலம்தான் முகம் மழித்திருக்கிறார் போல. தாடையில் பிளேடு கீறின இடத்தில் பவுடரை மீறி ஒரு சிவப்புக் கோடு. அதோடு அவர் தலையைச் சாய்த்து வெட்கப்பட்டபோது முன்வரிசைக் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கேள்விக்காரர் குறவனிடம் மலையாளத்தில் கேட்கிறார்: "நினக்கு பனியுண்டோ?" காய்ச்சல் இருக்கிறதா என்று அர்த்தம். குறவன் தமிழில் சொல்கிறான்: "மார்கழியில நெறைய இருக்குஞ் சாமி, இப்ப சித்திரையில ஏது?" இவர் விடவில்லை. "வெள்ளம் வேணோ?" தண்ணீர் வேண்டுமா என்கிறார். அவன் கையெடுத்துக் கும்பிடுகிறான். "ஐயோ வேண்டாஞ் சாமி, அன்னைக்கு வந்த வெள்ளத்துலயே குடிசை போயிருச்சு. ஒரு சொம்பு தண்ணி இருந்தாக் குடுங்க."

இந்த இடத்தில் கூட்டத்தைக் கவனித்தேன். தமிழ் வீட்டு ஆட்கள் முதலில் சிரித்தார்கள். மலையாள வீட்டு ஆட்கள் அரை நொடி கழித்துச் சிரித்தார்கள். நடுவில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு தடவை சிரிப்பு. அப்புறம் 2018 பிரளயம் நினைவுக்கு வந்து சில பேர் சிரிப்பை முழுங்கிக்கொண்டதும் தெரிந்தது. சுத்தமான தமிழ் ஊரிலோ சுத்தமான மலையாள ஊரிலோ இந்த வசனத்துக்கு வேலையே இல்லை. இரண்டு பாஷையும் உரசுகிற நம் ஊர்க் காதுக்காகவே செய்தது அது.

குறை இல்லாமல் இல்லை. சாதிப் பெயரே வேஷத்தின் பெயராக இருக்கிறது. பெண்களைப் பற்றிய சில கேலிகளில் காது கூசும். கேள்விக்காரர் பேசுவது எப்போதும் பண்ணையாரின் குரல். ஆனால் ஒவ்வொரு முறையும் வாயால் ஜெயிப்பது நிறுத்தப்பட்டவன்தான். அதனால்தான் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து போக மனசு வருவதில்லை. சமீபமாக இதை அரை மணி நேரமாகச் சுருக்கி அரங்கத்தில் காட்டுகிறார்கள். அதில் கேள்வி இருக்கிறது, பதில் இருக்கிறது, மறிப்பதன் எரிச்சல் மட்டும் இல்லை. கேள்விக்காரர் அலுக்க அலுக்கத் தடுக்க வேண்டும், பார்க்கிற நமக்கே "அவனை விடுய்யா" என்று கோபம் வர வேண்டும். அரை மணியில் அது வராது.

அடுத்து தோல்பாவைக்கூத்து. இதை 'பொம்மலாட்டம்' என்று நினைத்துக் குழந்தைகளைக் கூட்டிப்போய் ஏமாந்தவர்கள் உண்டு. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் என்று நீளமான கட்டடம் நிற்கும். உள்ளே திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்கு, தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டது. பத்ரகாளி தாரிகனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனது, அவளுக்காக ஒவ்வொரு வருஷமும் அதை நடத்திக் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். பாடுவது கம்பராமாயணம். ஆமாம், நம் கம்பன். கேரளத்துக் காளி தமிழில்தான் ராமாயணம் கேட்கிறாள்.

நான் கவளப்பாறை ஆரியங்காவில் முதல் தடவை போனபோது கையில் பேனாவோடு போன வாத்தியார் மனநிலையில் இருந்தேன். புலவர் (கூத்து நடத்துகிறவரை அப்படித்தான் அழைப்பார்கள்) பாட்டைப் பிரிக்கும் இடம் நான் வகுப்பில் பிரித்த இடமாக இல்லை. உச்சரிப்பு மலையாள மூக்கு வழியாக வருகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் மனசுக்குள் சிவப்பு மை போட்டுக்கொண்டே இருந்தேன். நள்ளிரவு தாண்டியதும் களைத்துப்போய்த் திருத்துவதை விட்டேன். அதற்கப்புறம்தான் கேட்கவே ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும். பாட்டைப் பாடிவிட்டு அதற்கு அர்த்தம் விரிக்கிறார்கள். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் நடந்து மறுபடி தமிழில் வந்து நிற்கிற ஒரு பாஷை. ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்க, தர்க்கம் நீள்கிறது. பாவைகள் அதுவரை அசையாமல் திரையில் குத்தி நிற்கின்றன, விளக்கு ஆடுவதால் மட்டும் நிழல் மூச்சுவிடுகிறது. யுத்தம் வந்ததும் எல்லாம் மாறிவிடும். அம்புகள் பறக்கும், குரங்குகள் குதிக்கும், செண்டை முழங்கும். என்னைக் கேட்டால் அந்த அசையாத மணி நேரங்கள்தான் விஷயம். கம்பன் விழா மேடையில் கேட்கிற கம்பன் கைதட்டலுக்காகப் பேசுகிறவன். மாடத்துக் கம்பனுக்குக் கூட்டமே தேவையில்லை. நான் இருந்த அன்று விடியற்காலம் எதிரே உட்கார்ந்திருந்தது நான், ஒரு கிழவர், ஒரு நாய்.

கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு வெளியூர் மேடைகளிலும் இதைப் பார்க்க முடிகிறது. சுருக்கி, வேகமாக. நன்றாகவே செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் மாடத்தில் பார்த்துவிட்டு அப்புறம் அதைப் பாருங்கள்.

பாட்டு நாடகம் கேட்டீர்களே. நம் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கொடுங்கல்லூரைத் தாண்டிக் கோதுருத்து என்று ஒரு தீவு ஊர். சவிட்டு நாடகத்தின் சொந்த ஊர்களில் ஒன்று. போர்த்துகீசியர் வந்த பின் கடற்கரைக் கிறிஸ்தவர்களிடம் உண்டான கலை. கதை பிரெஞ்சு ராஜா சார்லமேனும் அவனுடைய பன்னிரண்டு வீரர்களும். இங்கே அவன் பெயர் காறல்மான். உடுப்பு ஐரோப்பிய ராஜாக்களுடையது, வெல்வெட்டும் ஜரிகையும். பாஷையோ தமிழ் கலந்தது. இதை எழுதியதாகச் சொல்லப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி, பெயரிலேயே ஊர் தெரிகிறது. கட்டியக்காரன்கூட இருக்கிறான், நம் கூத்தில் வருகிற அதே கோமாளி, தொப்பி மட்டும் வேறு.

மேடை பலகையால் ஆனது, அது அழகுக்காக அல்ல. பாடிக்கொண்டே காலை ஓங்கி மிதிப்பதுதான் ஆட்டம், பலகைதான் தாளவாத்தியம். பதினைந்து பேர் ஒன்றாக மிதிக்கும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலிக் கால் வழியாக நம் உடம்புக்கு வந்துவிடும். பாட்டின் சொற்களில் பாதி நமக்குப் பிடிபடும், மீதி மலையாள நாக்கில் உருண்டு வேறாகிவிட்டிருக்கும். பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரரிடம் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டேன். "அது தமிழல்லே, நிங்ஙள்க்கல்லே அறியா" என்றார். தமிழ்தானே, உங்களுக்குத்தானே தெரியும் என்கிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் இதே கலையை வேறொரு ஊர் மேடையில் பார்த்தபோது பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிட்டார்கள். ஆடுகிறவர்கள் வாயசைத்தார்கள். போதாததற்குப் பாதியில் பதிவு சிக்கி ஒரே வரி மூன்று தடவை வந்தது, ராஜாவும் மூன்று தடவை வாளை உருவினார். சிரித்துவிட்டேன், அப்புறம் சங்கடமாக இருந்தது. அவ்வளவு மிதித்தால் மூச்சு வாங்கும், பாட முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நியாயம்தான். ஆனால் அந்த மூச்சு வாங்குவதுதானே பாட்டு? கோதுருத்தில் ராஜா பாடும்போது வரியின் கடைசிச் சொல் காற்றாகத்தான் வந்தது. அந்தக் காற்றில்தான் அவன் தோற்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

சங்கீத நாடகம் மலையாளத்துக்கே தமிழிலிருந்து போனதுதான். தமிழ் நாடக செட்டுகள் கேரளத்தில் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட, அதைப் பார்த்துத்தான் திருச்சூர் அச்சுத மேனோன் 1892-ல் 'சங்கீத நைஷதம்' எழுதினார். அப்புறம் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர், யேசுதாஸின் அப்பா அகஸ்டின் ஜோசப், பெண் வேஷத்தில் ஓச்சிற வேலுக்குட்டி என்று ஒரு பெரிய காலம் ஓடியது. கவிஞர் குமாரன் ஆசானின் 'கருணா' காவியம் நாடகமானபோது நாயகி வாசவதத்தையாக வந்தது வேலுக்குட்டிதான். அந்தப் பாணி இப்போது உத்சவ மேடையில் எப்போதாவது நினைவுக்காகச் செய்கிற சங்கதி ஆகிவிட்டது. தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் நம் பக்கம் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் பார்க்க வேண்டுமானால் மதுரை, புதுக்கோட்டை போக வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். ஒரு தடவை புதுக்கோட்டைப் பக்கம் பார்த்தேன். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் முற்றி, வள்ளி சுருதியை ஏற்றிக்கொண்டே போக, ஆர்மோனியக்காரர் நாரதரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். விட்டுவிடு என்று. நாரதர் விட்டுவிட்டார். வள்ளி ஜெயித்தது எந்தப் பிரதியிலும் எழுதியிருக்காது.

சரி, நவீன நாடகம். நமக்குக் கிடைத்த பெரிய வசதி திருச்சூர். கேரள சங்கீத நாடக அகாடமி 2008-ல் தொடங்கிய சர்வதேச நாடக விழா அங்கேதான், அகாடமி வளாகத்திலேயே நடக்கும். அரணாட்டுக்கரையில் 1977-லிருந்து நாடகப் பள்ளி வேறு இருக்கிறது. அதனால் அந்த ஊர்ப் பார்வையாளர்களை ஏமாற்றுவது கஷ்டம். டீக்கடையில் வெளிச்சத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். முன்பெல்லாம் ராத்திரி நாடகம் முடிந்து திரும்பினால் பாலக்காடு வழியில் இருக்கிற குதிரான் மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் விடிந்துவிடும். 2021-ல் சுரங்கம் திறந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. நான் அதிகம் நாடகம் பார்ப்பதற்கு ஒரு காரணம் அந்தச் சுரங்கம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

2023 பிப்ரவரி விழாவில் மூன்று நாடகங்கள் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் பிரெட் பெய்லி இயக்கிய 'சாம்சன்', பைபிளின் சிம்சோன் கதை, பாட்டும் ஆட்டமுமாக. சத்தமும் வெளிச்சமும் ஆளை அடித்துப் போட்டது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாமே உச்சத்தில் இருந்ததால் உச்சம் என்று ஒன்று இல்லாமல் போனது. பக்கத்தில் இருந்த பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், நான் உட்கார்ந்தபடி தட்டினேன். அதற்கு நேர் எதிர், அதற்கு முந்தின வருஷம் காலமான பீட்டர் புரூக், மரி எலேன் எஸ்தியென்னோடு சேர்ந்து, ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' (புயல்) நாடகத்தை வைத்துச் செய்த 'டெம்பெஸ்ட் புராஜெக்ட்'. மேடை கிட்டத்தட்டக் காலி. புயலைக் காட்ட ஒரு இயந்திரமும் இல்லை, ஆட்களின் உடம்பு மட்டும். பொறாட்டுக்குப் பந்தலும் திரையும் போதும் என்று தெரிந்த நமக்கு இது புதுசில்லை, சொல்லப்போனால் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மூன்றாவது, இத்தாலிய ரோமியோ கஸ்தெலூச்சியின் 'தேர்ட் ரைக்'. திரையில் சொல் சொல்லாக, அகராதியின் பெயர்ச்சொற்கள், காதைக் கிழிக்கும் சத்தத்தோடு அடித்துக்கொண்டே போகும். வேகம் கூடக் கூடப் படிக்க முடியாது. ஒன்றைப் பிடித்தால் பத்துப் போய்விடும். பலர் திட்டினார்கள், இது நாடகமா என்று. எனக்கு மட்டும் முதல் தடவை பாலக்காட்டு ஆபீஸ் ஒன்றில் மலையாளப் படிவத்தைக் கையில் கொடுத்து "வேகம், வேகம்" என்று அதட்டியது ஞாபகம் வந்தது. சொற்களே ஆளை மிரட்ட முடியும் என்பதை விளக்கிச் சொல்லாமல் காட்டிவிட்டார் மனுஷன்.

இந்த மாதிரி வெளிநாட்டு நாடகங்களில் மேலே வசனத்தை எழுத்தில் ஓட்டுவார்கள். ஒரு யோசனை: முதல் பத்து நிமிஷம் படியுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். ஒரு நாடகத்தில் ஓட்டுகிறவர் தூங்கிவிட்டார் போல, மேடையில் சாவு நடக்கும்போது மேலே கல்யாணப் பேச்சு ஓடியது. படித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விட மனதில் நிற்பது தீபன் சிவராமன் இயக்கிய 'கசாக்கின் இதிகாசம்', 2015-ல் திருக்கரிப்பூரில் தொடங்கியது. ஓ.வி. விஜயனின் நாவல் நம் பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தை வைத்து எழுதியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திறந்த வெளியில், பார்க்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் மண், தீ, தண்ணீர், புகை. ஆடியவர்கள் பெரும்பாலும் திருக்கரிப்பூர் ஊர்க்காரர்கள். கேரளத்தின் வடக்கு மூலையில் இருப்பவர்கள் நம் ஊர் ராவுத்தர்களாக வந்து நின்றார்கள். ராவுத்தர் வீடுகளின் பேச்சில் தமிழ் எவ்வளவு ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். அவர்கள் வாயில் அது வடக்கு மலபார் ஏற்றஇறக்கத்தோடு வந்தது. முதலில் "இது நம்ம ஊர்ப் பேச்சில்லையே" என்று காது முரண்டு பிடித்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துக் காட்சி வந்தது. ஒற்றை வாத்தியார், சுற்றிப் பிள்ளைகள், வளர்ந்தும் குழந்தையாகவே இருக்கிற அப்புக்கிளி அவர்களுக்கு நடுவில். என் வகுப்பின் கடைசி பெஞ்சில் பல வருஷம் அப்படி ஒருவன் இருந்தான். பாஷையும் ஏற்றஇறக்கமும் எங்கே போனதென்று தெரியவில்லை. நாவல் படித்தவர்கள் "அது விட்டுப்போச்சு, இது விட்டுப்போச்சு" என்று கணக்குச் சொன்னார்கள். சொல்லட்டும். மறுபடி எங்காவது போட்டால் கடன் வாங்கியாவது போங்கள்.

சென்னை பெர்ச் நாடகக் குழு ராஜீவ் கிருஷ்ணன் இயக்கத்தில் மலையாள எழுத்தாளர் பஷீரின் கதைகளை 'அண்டர் த மாங்கோஸ்டீன் ட்ரீ' என்று போட்டதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பழசுதான். ஆங்கிலம், தமிழ், மலையாளம் மூன்றும் கலந்தது. நன்றாகச் சிரித்தேன். ஆனால் அங்கே மூன்று பாஷையும் ஒன்றுக்கொன்று மரியாதையாக வழிவிட்டு நின்றன. நம் ஊரில் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பஸ் ஏறும். இது குறையா என்று கேட்டால், ரசனை என்பேன்.

ஆக உங்களுக்கு என் வரிசை இது. கோடையில் பொறாட்டு, ஊர்க் கோயில் நோட்டீஸைப் பாருங்கள், பத்திரிகையில் வராது. திருச்சூர் விழாவுக்கு வேலை நாளில் போங்கள், சனி ஞாயிறு வரிசையில் நின்றே பொழுது போய்விடும். மாடத்துக் கூத்துக்குப் போகும்போது ஒரு போர்வையும் பிளாஸ்க்கில் சுக்குக்காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு மணி நேரம் தூக்கம் வந்தால் தூங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாயங்காலமே வழிபாட்டுக்குக் காசு கட்டி வீட்டுப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவர்களை வாழ்த்திப் பாடுவது அங்கே வழக்கம். நான் என் பேத்தி பெயரைக் கொடுத்திருந்தேன், பெங்களூரில் இருக்கிறாள், தமிழும் சரியாக வராது மலையாளமும் வராது. ராத்திரி ஒன்றரை மணிக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் பெயர் ராகத்தோடு வந்தது. நான் போனில் பதிவு செய்து அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: "தாத்தா, இது எந்த பாஷை?"